பேர் வாசிக்காத திருவிழா

அன்புள்ள மைத்துனர் சண்முகத்துக்கு,

முத்தப்பன் எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா நாச்சம்மையும் நலம். வத்தளையில் நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்க அம்மன் துணை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, போனில் காற்றுத்தான் வருகிறது. வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

விஷயம் இதுதான். எங்கள் கொட்டாஞ்சேனை லேனில் ஆடித் திருவிழா. கோயில்காரர்கள் குழாய் ஸ்பீக்கரைச் சரியாக எங்கள் மாடி ஜன்னலைப் பார்த்துக் கட்டி, ஞாயிறு அன்னதானத்துக்கு அரிசி, பருப்பு கொடுத்தவர்கள் பேரையெல்லாம் காலையிலிருந்து வாசித்தார்கள். முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து கட்டிலில் கிடக்கிற உன் அக்கா கண்மூட வேண்டாமா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, நேரே பொலிசுக்குப் போனேன். அவர்களும் வந்து பார்த்து, சத்தம் கோயில் வளவைத் தாண்டக் கூடாதென்று பர்மிட்டிலேயே இருக்கிறது, கழற்று என்றார்கள். கழற்றினார்கள். நான் லேனில் பெரிய ஆள் மாதிரி நடந்தேன்.

சத்தம் நின்றதோடு அரிசியும் நின்றுவிட்டது. பேர் வாசிக்காவிட்டால் யார் கொடுப்பார்கள்? கோயில் செயலாளர் இராமர் வாசலில் வந்து நின்று, "அண்ணே, ஸ்பீக்கரை நிப்பாட்டினது நீங்க. ஞாயித்துக்கிழமை சனம் பசியோட திரும்பினா நீங்கதான் பதில் சொல்லணும்" என்று என்னையே வசூலுக்குக் கூட்டிப் போய்விட்டார். மூன்றாம் மாடி நாகமணி அக்காவிடம், "பேர் வாசிக்காட்டி என்ன, சாமிக்குத் தெரியும்தானே" என்றேன். "ஓம் தம்பி, சாமிக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரிக்கு ஆர் சொல்லுறது?" என்று அரிசிப் பையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறா. வேறு வழியில்லாமல் படிக்கட்டில் நின்று அவ பேரைக் கத்தினேன். "இன்னொருக்காச் சொல்லுங்கோ, கீழ் வீட்டில மிக்ஸி ஓடுது" என்றா. அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு இதே கூத்து. கடைக்கார மக்கீன் நானா பருப்பைத் தந்துவிட்டு, தன் பேர் வேண்டாம், கடைப் பேரைச் சொன்னால் போதும் என்றார். கிளைக்கடை விலாசத்தோடு. சாமான் எல்லாம் சேர்ந்துவிட்டது. குரல்தான் போய்விட்டது.

இந்த இடம் இனி எனக்குச் சரிவராது. நீ சொன்ன வத்தளை வீட்டைப் பேசி முடி. பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை என்றாயே, அது போதும். பிள்ளைகள் நன்றாகப் படித்து நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
முத்தப்பன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உன் அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு அழுதுவிட்டாள். "படி இறங்க முடியாதவளுக்கு அந்த ஸ்பீக்கர்தானே திருவிழா. யார் வந்தாங்க, யார் குடுத்தாங்கன்னு கேட்டுக்கிட்டே கிடந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை, சண்முகம். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. வத்தளை வீடு வேண்டாம். ஞாயிறு ஒருநாள் மட்டும் ஸ்பீக்கர் போட, பொலிசில் நானே கெஞ்சி எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டேன். வாசிக்கப்போகும் முதல் பேர் நாச்சம்மை. குழாயை எங்கள் ஜன்னலைப் பார்த்தே கட்டச் சொல்லி இராமருக்குச் சைகையில் காட்டியிருக்கிறேன்.