தேயிலை விதைகள் தோற்ற இருபத்தொரு போர்கள்

உலகில் தளபதிகள் பலர் உண்டு. ஆனால் ஒரே நாற்காலியில் அமர்ந்து, ஒரே போரில் இரண்டு படைகளுக்கும் தலைமை தாங்கிய பெருமை, வண்டிப்பெரியார்த் தோட்டம் ஒன்றின் தொழிற்சங்கச் செயலாளர் வீரபாண்டி ஒருவருக்கே உரியது.

1974-ஆம் ஆண்டு ஆனி மழை. கொழுந்தெடுக்கும் பெண்கள் புதுக் கம்பளி கேட்டார்கள். பழையதில் நூலைவிட ஓட்டை அதிகம். வரிசை வீடுகளான லயங்களில், லயத்துக்கு ஒருத்தி காய்ச்சலில் கிடந்தாள். தோட்டத்து மேனேஜரான துரை மறுத்தார். "சமரம் பண்ணுவம்" என்றார்கள் பெண்கள். மலையாள நாட்டில் வேலைநிறுத்தத்துக்கு அதுதான் பெயர். வீரபாண்டியோ தமிழ் படித்தவர். சமர் என்றால் போர். போருக்கு ஒத்திகை வேண்டாமா?

சங்கத்து மேசையில் 'போர்க்களம்' அமைந்தது. தொழிலாளருக்கு முந்நூறு தேயிலை விதைகள். கம்பெனிக்கு மூன்றே தீப்பெட்டிகள்: துரை, போலீஸ், பட்டினி. எதிரே உட்கார ஆளில்லாததால் இரு பக்கமும் அவரே ஆடினார். இருபத்தொரு முறையும் விதைகள் தோற்றன. ஒவ்வொரு தோல்வியும் முறைப்படி 'அறிக்கை'யாகச் சுவரேறியது: "காலம் இன்னும் கனியவில்லை." தீப்பெட்டியை நகர்த்தும்போது மட்டும் தம் விரல்களுக்கு ஒரு மிடுக்கு வருவதை அவரே கவனித்தார். போர்க்கலை கைகூடிவிட்டது என்று பூரித்துப்போனார்.

இருபத்திரண்டாம் ஆட்டத்தின்போது, கொழுந்தெடுக்கும் வேலுத்தாய் சொட்டச் சொட்ட நனைந்தபடி உள்ளே வந்தாள்.

"எங்க பக்கம் யாருண்ணே ஆடுறது?"

"நாந்தான்."

"அவுக பக்கம்?"

"அதுவும் நாந்தான். ரெண்டு பக்கமும் தெரிஞ்சவந்தான் தலைவன், தாயி."

"இன்னைக்கு எங்க பக்கத்த நான் ஆடுறேன்."

உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ம், நகத்து."

"நகர மாட்டம்."

"போலீசு வருதே!"

"வரட்டும். அவுகளா கொழுந்து எடுப்பாக? பத்து நாள்ல முத்திப் போகும்."

"அதெல்லாம் விதியில கிடையாது."

"செடிக்கு யாருண்ணே விதி சொல்றது?"

வீரபாண்டி பேனாவை எடுத்தார். "ஆட்டம் செல்லாது" என்று அவசர அறிக்கை எழுதினார். அதை ஒட்டப் பசை காய்ச்சுவதற்குள் முந்நூறு பேரும் மலையேறாமல் லயத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்தது, நனைந்தது, போனது. பட்டினியும் வந்தது, கப்பைக் கிழங்கும் பாலில்லாத கட்டன்சாயாவுமாகத் தாக்குப்பிடித்தார்கள். ஒன்பதாம் நாள், கொழுந்து முத்தத் தொடங்கியது; ஃபாக்டரி ஓய்ந்தே கிடந்தது. கம்பளிக்குச் சம்மதித்து, கையெழுத்துப் போடத் துரை அழைத்தார்.

ஆபீசில் நீள மேசை. அந்தப் பக்கம் துரை, இந்தப் பக்கம் பெண்கள். கஞ்சி போட்ட சட்டையில் வந்த வீரபாண்டி, வெற்றித் தளபதியாகப் பெண்களின் வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்தார். வேலுத்தாய் எழுந்தாள். மிகுந்த மரியாதையோடு அந்த நாற்காலியைத் தூக்கிப்போய்த் துரைக்குப் பக்கத்தில் போட்டாள்.

"இங்க உக்காருங்கண்ணே. இந்தப் பக்கம் இருந்து நீங்க ஒருநாளும் தோத்ததில்லையே."