சாம்பிளின் கருத்துக் கணிப்பு

இருபத்திரண்டு வருட வாத்தியார் வேலையில் நான் பயந்த ஒரே ஆளுக்கு வயது பத்து. அலுவலர்களுக்கெல்லாம் நான் பயந்ததில்லை. சூடாக ஒரு டீயும் இரண்டு வடையும் உள்ளே போனால் எப்பேர்ப்பட்ட அலுவலரும் சாந்தமாகிவிடுவார். இவள் டீ குடிக்க மாட்டாள்.

வருகைப் பதிவேட்டில் அவளுக்கு அழகான ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டது நான் மட்டும்தான். நானும் ஆடி மாதத்தோடு விட்டுவிட்டேன். ஊருக்கே அவள் 'சாம்பிள்'. அனுமந்தன்பட்டிப் பக்கம் அவள் அப்பாவுக்குத் திராட்சைப் பந்தல். பழம் வாங்க வருகிற வியாபாரி ஓரத்தில் தொங்கும் கொத்தைப் பார்த்து ஏமாற மாட்டார். குனிந்து நடுப்பந்தலுக்குள் போய், ஒரு கொத்தைப் பிடித்து, அதன் அடி நுனியில் இருக்கும் ஒற்றைப் பழத்தைச் சாம்பிள் என்று பிய்த்து வாயில் போடுவார். கொத்தில் கடைசியாகப் பழுப்பது நுனிதான். அது இனித்தால் மொத்தக் கொத்தும் இனிக்கும். மூன்று வயதில் இதைப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டவள், உலகத்தில் எதையும் இந்த முறைப்படியே சோதித்தாள்.

சத்துணவில் சாம்பாருக்குத் தட்டை நீட்டிவிட்டு, "மேலாக்க ஊத்தாதீக, அடியில கலக்கி ஊத்துங்க" என்பாள். வீரபாண்டித் திருவிழாவில் மிட்டாய்க் குவியலின் அடியிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, பழசு என்று சத்தமாகச் சொல்லி, பின்னால் நின்ற கூட்டத்தையே கலைத்துவிட்டாளாம். அவள் அப்பாவே தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். நான் கணக்கு நோட்டைத் திருத்திக் கொடுத்தால், கடைசிப் பக்கத்தையும் பார்த்தேனா என்று கேட்பாள். பார்த்திருக்க மாட்டேன்.

இப்பேர்ப்பட்டவளிடம் போய் ஓர் ஆய்வை ஒப்படைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு வாசிப்புப் புத்தகம் வந்திருந்தது. யார் போட்டது என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். அதைப் பற்றி வகுப்பில் மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பிள்ளைகளே கேட்டு எழுதி, வெள்ளிக்கிழமை ஓர் அலுவலர் வரும்போது வாசித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. நான் சுலபமாகத்தான் திட்டம் போட்டேன். முதல் பெஞ்சில் ஐந்து பேர். நன்றாகப் படிப்பார்கள், 'மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது' என்று சொல்லவும் தெரிந்தவர்கள். அவர்களைக் கேட்டு எழுதினால் போதும் என்றேன்.

"அவுக ஓரத்துக் கொத்து டீச்சர்" என்று சொல்லிவிட்டு, சாம்பிள் கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பித்தாள்.

ஆய்வுக் குழுவில் அவளோடு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒரே மதியத்தில் மூன்று பேரும் ராஜினாமா செய்துவிட்டார்கள். காரணம், இவள் யாரையும் சும்மா கருத்துச் சொல்ல விடவில்லை. நல்லாயிருக்கு என்று ஒருத்தன் சொன்னால், எத்தனையாவது பக்கம் என்பாள். புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தை வாசிக்க வைத்து, அதற்குப் பிறகுதான் பென்சிலையே எடுப்பாள். அதனால் வந்த கருத்துகளும் ஒரு தினுசாகத்தான் இருந்தன. புத்தகம் நல்ல வாசனை, ஆனால் மழையில் நனைந்ததும் போய்விட்டது என்றாள் ஒருத்தி. மாம்பழப் பாடத்தைப் பன்னிரண்டு மணிக்கு நடத்தக் கூடாது, பசிக்கிறது என்றான் ஒருவன். படத்தில் விவசாயி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உழுவதைப் பற்றி மட்டும் மூன்று புகார். "எங்கப்பா அப்பிடி உழுதா எங்காத்தா சோறு போடாது" என்பது அதில் ஒன்று.

என்னையும் விடவில்லை. மேசைக்கு வந்து, எனக்குப் புத்தகம் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். பிடித்திருக்கிறது என்றேன். அவள் எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'டீச்சர் யோசிக்காமல் சொன்னார்கள்' என்றிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அன்று வகுப்பு மொத்தத்துக்கும் ஏழாம் வாய்ப்பாட்டை ஐந்து தடவை எழுதக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை பாண்டியின் முறை. கடைசி பெஞ்சுக்காரன், நல்ல வாயாடி. பாட்டோ கதையோ, ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வான். பாடத்தை வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக் கணீரென்று வாசிப்பான். சாம்பிள் அவன் முன்னால் வைத்தது நான் இன்னும் நடத்தாத பன்னிரண்டாம் பாடம். இருவரும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தது அவ்வளவுதான்.

புதன்கிழமை பாண்டி வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவன் தங்கச்சி வந்து, அண்ணனுக்கு வயிற்றுவலி என்றாள். வயிற்றுவலிக்காரன் காலையில் ஐந்து இட்லி தின்றதையும் அவளே சொன்னாள்.

அன்று மதியம் சாம்பிள் மறுபடியும் நோட்டோடு மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், ஒரு கேள்வி விட்டுப் போச்சு. அஞ்சாங் கிளாஸ்ல ஒருத்தனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியலன்னா, ரெண்டாங் கிளாஸ்ல அவன் தங்கச்சி பக்கத்துல ஒக்கார வச்சிருவீகளா?"

அந்த மிரட்டல் என்னுடையது. ஒழுங்காகப் படிக்காவிட்டால் இரண்டாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவேன் என்று வாரத்துக்கு நாலு தடவை சொல்வேன். எல்லா வாத்தியாரும் சொல்வதுதான், சொல்கிற நாமே அதை நம்புவதில்லை. ஆனால் ஒருத்தன் நம்பியிருக்கிறான். அதற்குப் பயந்து, நான் நடத்துகிற பாடத்தை எல்லாம் காதாலேயே வாங்கி மனப்பாடம் செய்து, ஆறு மாதமாக என் முன்னால் வாசித்துக் காட்டியிருக்கிறான். நன்றாக வாசிக்கிறான் என்று நான் அவன் நோட்டில் நட்சத்திரம் வேறு போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"மாட்டேன்" என்றேன்.

"யோசிச்சுச் சொல்றீகளா?"

"யோசிச்சுத்தான் சொல்றேன். நானே பக்கத்துல ஒக்காந்து சொல்லித் தருவேன்."

அதை அப்படியே ஒரு தனித் தாளில் எழுதினாள். தேதி போட்டாள். கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். நானும் மறுபேச்சுப் பேசாமல் போட்டுக் கொடுத்தேன். யார் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் தன் வீட்டுப் பக்கம் போகாமல் எதிர்த் திசையில் ஓடியதை மட்டும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அலுவலர் வந்தார். டீ வந்தது, வடை வந்தது. கடைசி பெஞ்சில் பாண்டி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். சாம்பிள் எழுந்து தன் அறிக்கையை வாசித்தாள். மாம்பழத்துக்கும் வெள்ளைச் சட்டைக்கும் அலுவலர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கடைசி வரிக்கு வந்தாள்: 'ஒருவர் இன்னும் கருத்துச் சொல்லவில்லை. அவருக்கு வாசிக்க வரவில்லை. வந்ததும் கேட்டு எழுதப்படும்.'

வடை பாதியில் நின்றது. யாரம்மா அது என்று அலுவலர் கேட்டார்.

"அதச் சொல்றதில்ல சார். எந்தக் கொடியில பறிச்சதுன்னு வியாபாரிக சொல்ல மாட்டாக."

அலுவலர் என் பக்கம் திரும்பினார். ஐந்தாம் வகுப்புவரை வந்தவனுக்கு வாசிக்கத் தெரியாதது ஒரு டீச்சருக்குத் தெரியாமல் போகுமா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் முகத்தில் அது அப்பட்டமாக இருந்தது. தப்பு என்னுடையது சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. பாண்டி எழுந்து நின்றான்.

"நாந்தேன் சார்" என்றான். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினான். "எங்கிட்டப் பேப்பர் இருக்கு. டீச்சர் கையெழுத்துப் போட்டிருக்காக."

அலுவலர் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்து அவனிடம் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கான திட்டு தனியாகத் தலைமையாசிரியர் அறையில் கிடைத்தது. அதை விவரமாக இங்கே எழுதப்போவதில்லை.

அன்று முதல் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் நானும் பாண்டியும். சாம்பிள் வாரத்துக்கு ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். பங்குனிவரை ஆனது. ஒரு நாள் அவனே, நான் அதுவரை நடத்தாமலே வைத்திருந்த பன்னிரண்டாம் பாடத்தைத் திறந்து, விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, வியர்த்து விறுவிறுத்து முடித்தான். சாம்பிள் பையிலிருந்து நோட்டை எடுத்து, கருத்து என்ன என்று கேட்டாள்.

"சப்புன்னு இருக்கு" என்றான் பாண்டி.

நான் நடத்த வேண்டிய பாடத்தை ஒருத்தன் இப்படித் திட்டி, அதைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது அன்றைக்குத்தான். அவள் நிதானமாக எழுதி, கீழே கோடு போட்டு, நோட்டை மூடினாள்.

இப்போது அவள் உத்தமபாளையத்தில் ஆறாம் வகுப்பு. இந்த வருடப் பிள்ளைகள் தங்கமானவர்கள், நான் என்ன சொன்னாலும் சரிங்க டீச்சர் என்கிறார்கள். என் மனசுதான் அவளைத் தேடுகிறது.