தலையில் கதவோடு ஒருவர்

வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகிறவர்கள் உண்டு. பூட்ட மறந்து போகிறவர்களும் உண்டு. கதவையே கழற்றி எடுத்துக்கொண்டு போகிறவர் இந்த மும்பையிலேயே ஒருவர்தான். தாராவியில் எங்கள் எதிர்வீட்டுக் 'கதவு' அண்ணாச்சி.

எழுபதைத் தாண்டிய தனி ஆள். வாடகை குறைந்த முதியோர் குடியிருப்பில் ஓர் அறை கேட்டு அரசாங்கத்துக்கு விண்ணப்பித்திருந்தார். மராத்திப் படிவத்தை நிரப்பியது நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். அறை கிடைக்காவிட்டால் சந்து முழுக்க என் படிப்பைத்தான் குறை சொல்லும்.

அலுவலகத்து ஆட்கள் வந்து அவர் கதவில் சிவப்புப் பெயிண்டால் ஓர் எண் எழுதினார்கள். "இதைப் பார்த்துத்தான் விசாரணைக்கு வருவோம். அழியக் கூடாது" என்றார்கள்.

அண்ணாச்சிக்குத் தூக்கம் போயிற்று. எவனாவது சுரண்டிவிட்டால்? தகரம் அடித்த பிளைவுட் கதவு. கொக்கியிலிருந்து தூக்கினால் கையோடு வந்துவிடும். டீக்கடைக்குக் கதவோடு போனார். பொதுக் கழிப்பிட வரிசையில் கதவோடு நின்றார். கால் வலித்தால் அதைக் கீழே போட்டு, எண்ணின் மேல் படாமல் ஓரமாக உட்கார்ந்தார்.

"சன்னலையும் கழட்டிட்டு வாங்க அண்ணாச்சி, காத்து வரும்" என்பார் டீக்கடைக்காரர்.

"சன்னல் இருந்தா நான் எதுக்குடே கவர்மெண்டு வீடு கேக்கேன்?"

அதிகாரி வந்த காலையில் அண்ணாச்சி கழிப்பிட வரிசையில் இருந்தார். வீட்டில் எண் இல்லை, கதவே இல்லை. ஆள் இல்லை என்று எழுதப் பேனாவை எடுத்தார் அதிகாரி.

"சாப், தோ மினிட்" என்று இரண்டு நிமிஷம் கேட்டுக் கெஞ்சினேன். அவர் நடந்துகொண்டே இருந்தார்.

சந்து முனையில் அண்ணாச்சி ஓடி வந்தார், தலையில் கதவு. எங்கள் சந்தில் எதிரே ஆள் வந்தாலே ஒருவர் படியேறி ஒதுங்க வேண்டும். கதவு குறுக்காகத் திரும்பி இரண்டு சுவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. அதிகாரிக்கு வெளியே போக வழியில்லை.

"யே க்யா ஹை?" இது என்னவென்று கேட்டார் அதிகாரி.

"நம்பர், சாப்" என்றார் அண்ணாச்சி கதவுக்கு அடியிலிருந்து. "நம்பர் இதர். ஆத்மி பி இதர்." எண்ணும் இங்கே, ஆளும் இங்கே என்று அவருடைய இந்தியில்.

அதிகாரி சிரித்துவிட்டார். அண்ணாச்சி குள்ளம்; அவர் தலைமேல் இருந்த கதவையே மேசையாக்கித் தாளை வைத்து, 'வசிக்கிறார், தனி ஆள்' என்று எழுதிக்கொண்டார் அதிகாரி.

அறை கிடைத்தவர்கள் பட்டியல் இன்னும் வரவில்லை; அதுவரை கதவும் அண்ணாச்சி தலையைவிட்டு இறங்காது. அதில் பெயர் வந்தால் குர்லாவுக்கு அப்பால், ஏழாவது மாடியாம்.

"அங்க கதவு இருக்குமாட்டி?"

"இருக்கும் அண்ணாச்சி."

தினமும் எழுந்ததும் எதிர்வீட்டைத்தான் பார்க்கிறேன். கதவு இல்லையென்றால் டீக்கடைக்குப் போயிருக்கிறார், நிம்மதி. கதவு இருந்து, அது திறக்க நேரமானால்தான் எனக்குப் பயம்.