தலைவரின் பாதி வாக்கியம்

அசுக்ரோம்,
மழை விட்ட சனிக்கிழமை.

அன்பிற்குரிய தங்கை பேராசிரியை அபேனா செர்வாவுக்கு, மூத்தவன் யாவ் அசிரிஃபி எழுதுவது. வானத்தையும் பூமியையும் படைத்தவர் உன்னையும், உன் மாணவர்களையும், தள்ளினால் மட்டும் கிளம்பும் உன் காரையும் தமது சிறகின் நிழலில் காப்பாராக. இங்கே எனக்கு உடம்பு நலம், மானம் சற்று நலக்குறைவு. உனக்கு இரண்டும் நலமாயிருக்க மன்றாடுகிறேன்.

ஆப்பிரிக்கத் தலைவர்களையும் மேலிடத்து அதிகாரத்தையும் பற்றி நீ எழுதிவரும் நூலில், ஒரு சிற்றூர்த் தலைவரின் அவையில் முடிவு எங்கே பிறக்கிறது, யார் வாயில் பிறக்கிறது என்று பார்த்து எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தாய். கூடவே தொலைபேசியில் ஒரு கட்டளையும் இட்டாய். “அண்ணா, நீங்க வாயே திறக்கக் கூடாது. பாக்குறவர் உள்ளே புகுந்தா ஆய்வு கெட்டுப்போகும். நாற்காலியோட நாற்காலியா இருங்க” என்றாய். வாழ்நாளெல்லாம் திருச்சபை மூப்பனாகப் பிரசங்கபீடத்தில் நின்றவனுக்கு நாற்காலியாக இருக்கத் தெரியாதா என்று நான் சிரித்தேன். சமையற்கட்டில் வெந்த கிழங்கை ஃபூஃபூவாக இடித்துக்கொண்டிருந்த உன் அண்ணி டோர்காஸ், உலக்கையை நிறுத்தாமலே, “நாற்காலி ஒரு நாளும் பேசினதில்லைங்க. அதையும் அபேனாகிட்ட சொல்லிடுங்க” என்றாள். சொல்லாமல் விட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை உனக்குச் சொல்லியிருந்தால் இந்த நீண்ட கடிதத்துக்கே தேவை இருந்திராது.

விஷயம் சந்தை நிலத்தைப் பற்றியது. திருச்சபைக்கும் லாரி நிலையத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தத் திடலில் அடுக்குமாடி ஓட்டல் கட்டத் தலைநகர் அக்ராவிலிருந்து ஒரு முதலாளி வந்திருக்கிறார். நிலம், ஊரே ‘நானா’ என்று மரியாதையாக அழைக்கும் நம் தலைவர் அம்பொஃபோவின் கையில் இருக்கிறது. முதலாளி போன வாரம் அவைக்கு வந்து தம் ஆசையைச் சொன்னபோது, நானா “கேட்டுக்கொண்டேன்” என்றார். தலைவர் நேராக யாரோடும் பேசுவதில்லை என்பதால், அவருடைய பேச்சுக்காரர் டாண்டோ பொன்முலாம் பூசிய கோலை ஊன்றிக்கொண்டு அந்த ஒற்றைச் சொல்லை அலங்கரித்தார். மனிதர் கெட்டிக்காரர். நதியையும் விதையையும் விடியலையும் சேர்த்து எப்படி வேண்டுமானாலும் பொருள் கொள்ளும்படி பேசி முடித்தார். முதலாளி மகிழ்ந்து போய் மறுநாளே அளவுநாடாவோடு திடலில் நடமாட ஆரம்பித்தார். அதைக் கண்டதும் தக்காளிக்காரிகளின் தலைவி மாமே ஃபொசுவா பெண்களைத் திரட்டிக்கொண்டு தங்கள் பக்கத்தைச் சொல்ல நேற்று அவைக்கு வந்தாள். இடம் போனால் அவர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில்தான் கூடையை இறக்க வேண்டும். நம் திருச்சபை விதவைகளில் பாதிப் பேர் அந்தத் தக்காளிக் கூடைகளை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள் என்பது உனக்குத் தெரியும்.

நான் உன் கட்டளைப்படி கடைசி வரிசையில், வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, மரச்சாமானைப் போல் அமர்ந்திருந்தேன். அப்போதுதான் டாண்டோ வந்தார். கடைவாய்ப் பல் பிடுங்கியதில் ஒரு பக்கக் கன்னம் பப்பாளி அளவுக்கு வீங்கி, தாடையோடு தலையைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார். வணக்கம் சொல்ல வாயைத் திறந்தார், “ம்ம்ம்” என்ற ஓசை மட்டுமே வந்தது. அவை திகைத்தது. தலைவருக்கு வாய் இல்லாத அவை எப்படி நடக்கும்? நானாவின் கண் மெல்ல ஒவ்வொரு வரிசையாக நகர்ந்தது. இந்த ஊரில் மூச்சுவிடாமல் பேசக்கூடியவன் யார் என்று கேட்டால் தொட்டில் குழந்தையும் என் வீட்டைக் காட்டும். என் பிரசங்கம் தொடங்கும்போது உலையில் சேனைக்கிழங்கைப் போட்டுவிட்டு, வெந்ததும் இறக்கி, உண்டு, கையலம்பி, ஆசீர்வாதத்துக்குத் திரும்பி வந்துவிடலாம் என்பது டோர்காஸின் கணக்கு.

“மூப்பரே, கோலை வாங்கிக்குங்க” என்றார் அவைப் பெரியவர் ஒருவர்.

தங்கையே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் மறுத்திருக்கலாம். உன் முகமும் நினைவுக்கு வந்தது. ஆனால் என் கை எழுந்ததை நான் பார்த்தேன், தடுக்கவில்லை. கோலைப் பிடித்ததும் என் முதுகு வலி நின்றது. உயரமும் கூடினாற்போல் இருந்தது. தேவர்களுக்கு மது ஊற்றும் சடங்கு வந்தபோது மட்டும் போத்தலைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பரலோகத்தில் இதை எப்படி எழுதிக்கொண்டார்களோ தெரியவில்லை.

மாமே ஃபொசுவா முன்னே வந்து, ஐந்தடி தூரத்தில் குடையின் கீழ் அமர்ந்து எல்லாவற்றையும் காதாரக் கேட்டுக்கொண்டிருந்த நானாவை ஏறிட்டும் பார்க்காமல், முறைப்படி என்னிடம் பேசினாள்.

“மூப்பரே, நானாவோட காதுல போடுங்க. நாங்க தக்காளி விக்கிறவங்க, கல்லு விக்கிறவங்க இல்ல. தக்காளிக்கு நிழல் வேணும். எங்களை ரோட்டோரம் உக்காரச் சொன்னா லாரி வந்து அள்ளிட்டுப் போயிடும். தக்காளியை இல்ல, எங்களை.”

பெண்கள் “ஆமா, ஆமா” என்றார்கள். நான் நானாவின் பக்கம் திரும்பி, அவர் கேட்டதையே மறுபடி அழகாகச் சொன்னேன். அவர் அரியணை ஏறுமுன் வங்கி மேலாளராக இருந்தவர். கடன் கேட்டு வந்தவர்களிடம் சொல்லிப் பழகிய அதே முகத்தோடு, உதடு அசையாமல், “கேட்டுக்கொண்டேன்னு சொல்லுங்க” என்றார்.

இங்கேதான் உன் ஆய்வு கெட்டது.

நான் ஆரம்பித்தேன். நானா கேட்டார் என்றேன். அது போதும், டாண்டோவாயிருந்தால் அடுத்து நதிக்கும் விடியலுக்கும் போயிருப்பார். எனக்கோ கேட்பது என்றவுடன் எகிப்திலே அடிமைகளாய்ச் செங்கல் சுமந்த ஜனங்களின் கூக்குரல்தான் நினைவுக்கு வந்தது. அதைக் கேட்ட ஆண்டவரைப் போல நானா கேட்டார் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் சிக்கல் புரிந்தது. அங்கே ஆண்டவர் கேட்டதோடு நிற்கவில்லையே! கேட்டார், ஆகையால் இறங்கினார். இறங்கினார், ஆகையால் விடுவித்தார். பிரசங்கியாகிய ஒருவன் ஒரு வசனத்தின் பாதியில் எப்படி நிறுத்துவான்? தும்மலைப் பாதியில் நிறுத்தச் சொல்வது போலல்லவா அது? என் நாக்கு தன் வழக்கமான பாதையில் ஓடியது. கேட்ட நானா இறங்கினார், இறங்கிய நானா தம் பிள்ளைகளை விடுவித்தார், அவர்கள் உட்கார்ந்த மண் அவர்களுக்கே, அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அதுவே என்று முடித்து, பழக்க தோஷத்தால் “ஆமென்” என்றும் சொல்லிவிட்டேன்.

அவை இடியாய் முழங்கியது. பெண்கள் வெள்ளைக் கைக்குட்டைகளை வீசினார்கள், வெற்றிக்கு அடையாளமாக என் தலையில் முகப்பவுடரைக் கொட்டினார்கள், ஒருத்தி என் காலணியைக் கழற்றித் துடைத்தாள். முதலாளி எழுந்து நின்று, “என்னங்க இது? போன வாரம் வேற மாதிரி சொன்னீங்களே!” என்றார். டாண்டோ துணிக்கட்டுக்குள்ளிருந்து “ம்ம்ம்! ம்ம்ம்!” என்று கையை ஆட்டினார். வாழ்த்துகிறார் என்று நினைத்து நானும் தலையசைத்தேன்.

சற்று நேரத்தில் நானா என்னை உள்ளறைக்கு அழைத்தார். அங்கே குடை இல்லை, கோல் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே நேராகவே பேசினார்.

“மூப்பரே, நான் என்ன சொன்னேன்?”

“கேட்டுக்கொண்டேன்னு சொன்னீங்க, நானா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

நான் தலையிலிருந்த பவுடரைத் தட்டிவிட்டேன்.

“பத்தொன்பது வருஷமா நான் இந்த ஊரை ஆளுறேன். எப்படித் தெரியுமா? எதையும் முடிக்காம. வர்றவன் எல்லாம் தனக்குத்தான் ஆச்சுன்னு நெனைச்சுட்டுப் போவான். அவன் சண்டையை அவனே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவான். டாண்டோவும் முடிக்க மாட்டான். நீங்க வந்து முடிச்சுட்டீங்க!”

“வசனம் அப்படித்தான் முடியுது, நானா.”

“வசனம் சரிய்யா. இடம் என்னுது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு செய்யலாம். தலைவர் தப்புப் பண்ண மாட்டார், பேச்சுக்காரன் பண்ணலாம். நாளைக்கு அவையில வந்து, நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லிடுங்க. ஒரு ஆடு அபராதம், அவ்வளவுதான். வார்த்தை ரத்தாயிடும். பழையபடி எல்லாரும் காத்திருப்பாங்க.”

அந்த ஒரு வாக்கியத்தை நான் சொன்னால் மாமே ஃபொசுவாவின் கூடை நெடுஞ்சாலைக்குப் போகும். அது எனக்கு நன்றாகவே விளங்கியது. இந்த இடத்தில் உன் அண்ணன் ஏழைகளுக்காக நெஞ்சை நிமிர்த்தி நின்றான் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்ததோ வேறு. கூட்டத்தின் நடுவே எழுந்து, வசனத்தைத் தவறாகப் பிரசங்கித்தேன் என்று ஒப்புக்கொள்வதா என்ற எண்ணம் வந்ததும் எனக்கு உடம்பு கொதித்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரிக்கப்போகும் திருச்சபைப் பாடகர் குழுத் தலைவரின் முகம் கண் முன்னே வந்து நின்றது. அது வீரம் அன்று, வீம்பு. “ஆட்டைக் கேளுங்க தரேன், நானா. ரெண்டாக் கேட்டாலும் தரேன். தப்பாச் சொன்னேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்” என்றேன்.

நானா வாயைத் திறந்தார். அதற்குள் ஊர் நடுவில் கம்பத்தில் கட்டியிருக்கும் அறிவிப்புக் குழாய் கரகரத்தது. மாமே ஃபொசுவா நேராக அங்கே போய் ஒலிவாங்கியைப் பிடுங்கிவிட்டிருந்தாள்.

“அசுக்ரோம் சனங்களே! நம்ம நானா கேட்டாரு, இறங்கினாரு, விடுவிச்சாரு! எந்த ஊர்லயாவது இப்படி ஒரு தலைவர் உண்டா? பக்கத்து ஊர்க்காரங்க கேட்டுக்குங்க, வயிறு எரியுங்க!”

நானா சன்னலைத் திறக்கச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார், குழாய் தம்மைப் பார்க்கிறது என்பது போல. அவருடைய நாற்காலியில் அவர் மெல்ல நிமிர்வதை நான் கண்ணால் கண்டேன்.

“‘இறங்கினாரு’ன்னு சொன்னது நல்லா இருக்கு” என்றார். “அது நான் சொன்னதுதானே?”

“நீங்க சொன்னதேதான், நானா.”

“ஆமா. நான்தான் சொன்னேன்.” பிறகு வெளியே காத்திருந்த முதலாளியை நினைத்துக்கொண்டார். “அவரு இந்த இடம் இல்லேன்னா மரவாடிக்குப் பின்னாடி ஒரு இடம் கேக்குறாராம். போய், கேட்டுக்கொண்டேன்னு சொல்லுங்க. அதோட நிறுத்துங்க!”

நிறுத்தினேன். என் வாழ்வில் நான் பேசிய மிகச் சிறிய பேச்சு அது.

ஆக, சந்தை பிழைத்தது. நான் பிழைக்கவில்லை. குழாயில் நானாவின் பெயர் மாலைவரை ஒலித்தது, என் பெயர் ஒரு முறையாவது வருமா என்று முற்றத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். “என்ன தேடுறீங்க?” என்றாள் டோர்காஸ். காற்று வாங்குகிறேன் என்றேன். “காத்து வாங்குறவர் குழாயையா பாப்பாரு? போன ஞாயிறு தாழ்மையைப் பத்தி அழுது அழுது பேசினது யாருங்க?” என்றாள். அதுவும் போதாதென்று, யாராவது நன்றி சொல்வார்களென்று இன்று காலை சந்தை வழியாக மிக மெதுவாக நடந்தேன். மாமே ஃபொசுவா நிமிர்ந்து பார்த்து, “மூப்பரே, வாங்கலேன்னா வழி விடுங்க, ஆள் நிக்குது” என்றாள். பார்வோனைப் போன்ற அரசர்களைப் பிரசங்கபீடத்திலிருந்து வெளுத்து வாங்கியே வயதானவன் நான். ஒரு கோலை ஒரு முற்பகல் பிடித்ததற்கே எனக்கு இப்படி என்றால், அவர்களைத் திட்டிய திட்டில் பாதியையாவது நான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே உன் நூலிலிருந்து அசுக்ரோம் அத்தியாயத்தை நீக்கிவிடு. முடிவு யார் வாயில் பிறந்தது என்று கேட்டால், பார்க்கப் போனவன் வாயில் என்று நீ எழுதவா முடியும்? அதிகாரம் என்பது மனிதனின் ஆத்துமாவுக்கு ஆகாத பண்டம். இனி அந்தக் கோலைக் கனவிலும் தொடுவதில்லை என்று ஆண்டவர் சந்நிதியில் முழங்காலிட்டு உறுதி செய்திருக்கிறேன். எஞ்சிய நாட்களை வேதத்திலும் பாமாலையிலும், டோர்காஸ் அனுமதிக்கும் அளவுக்கு மௌனத்திலும் கழிப்பேன்.

நீ படிக்கும் புத்தகங்கள் உன் கண்ணைக் கெடுக்காதிருக்கட்டும். உன் மாணவர்கள் நேரத்துக்கு எழுதிக் கொடுக்கட்டும். உன் கார் தள்ளாமலே கிளம்பட்டும். டோர்காஸும் நானும் உன்னை நெற்றியில் முத்தமிட்டு ஆசீர்வதிக்கிறோம்.

தாழ்மையுள்ள அண்ணன்,
மூப்பர் யாவ் அசிரிஃபி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது அரண்மனையிலிருந்து ஆள் வந்தார். அடுத்த ஊரோடு ஆற்று மணல் வழக்காம். அடுத்த வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை இரண்டு தலைவர்களும் எதிரெதிரே அமரப்போகிறார்கள், நான்தான் பேச வேண்டுமாம். முடியாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பட்டு வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டதாக டோர்காஸ் சொல்கிறாள். அசுக்ரோம் அத்தியாயத்தை நீக்க வேண்டாம், நீளமாகவே எழுது. மணல் நமக்கு வருவது உன் ஆய்வுக்கு வசதியா, அவர்களுக்குப் போவது வசதியா என்று அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வார்த்தை தெரியப்படுத்து. அதற்கேற்ற வசனமாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறேன்.