கால்மாட்டில் தலையணை

"டாக்டர், ஒரே ஒரு நாள் வலது பக்கமா படுத்துக்கட்டுமா?"

ஒரு மார்க் கூடுதலாகக் கேட்கும் மாணவனைப் போலக் குழைந்தார் பூட்டு ரிப்பேர்காரர். பெருங்குடலில் புண் வந்து ரத்தமாகப் போக ஆரம்பித்ததிலிருந்து, படுக்கும்போது எனிமா மருந்தை ஏற்றிக்கொண்டு இடது பக்கமாகவே கிடக்க வேண்டும் என்று அவருக்கு விதித்திருந்தார்கள்.

"குடலோட அந்த வளைவு இடது பக்கம்தான் இருக்கு. அப்படிப் படுத்தாத்தான் மருந்து புண்ணுல தங்கும். உங்களுக்காகக் குடலை இடம் மாத்தி வைக்க எனக்குத் தெரியாது. இப்ப என்ன கஷ்டம்?"

"வீட்டுக்காரி எனக்கு வலது பக்கம் படுக்குறா. விடியற வரைக்கும் என் முதுகைத்தான் பார்க்குறா. யார் மேல கோபம்னு கேக்குறா."

"நோயைச் சொல்லிட வேண்டியதுதானே?"

"அவ அப்பா இதே குடல் வியாதியிலதான் போனாரு டாக்டர். சொன்னா அவளுக்குச் சோறு இறங்காது."

"அப்ப கட்டில்ல இடம் மாறிப் படுங்க."

மாறிப் படுத்தார். இப்போது அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள். பழிவாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பகலும் சுகமில்லை. வீட்டில் ஒரே கழிப்பறை. அவர் உள்ளே போனால், "அங்க உக்காந்து யாருகூட போன்ல பேசுறீங்க?" என்று கதவைத் தட்டினாள். அவள் உள்ளே போனால், விசும்பல் சத்தம் கேட்டது. ஊரில் உள்ள பூட்டையெல்லாம் ஒரு கம்பியால் திறப்பவர், அந்தக் கதவுக்கு முன்னால் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியாக ஒரு மகத்தான யோசனை வந்தது. பழைய இடத்துக்கே திரும்பி, தலையணையைக் கால்மாட்டில் போட்டார். இடது பக்கமும் ஆயிற்று, மனைவி பக்கமும் ஆயிற்று. எதிரே அவளுடைய பாதங்கள் இரண்டும் தெரிந்தன. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவற்றை அவர் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. குதிகாலெல்லாம் வெடிப்பு. களிம்பு வாங்கித் தர வேண்டும் என்று நினைத்தபடி தூங்கிப்போனார்.

காலையில் அவள் பையை எடுத்துக்கொண்டு நின்றாள்.

"முகத்தைக்கூடப் பார்க்கப் பிடிக்கலேன்னா நான் எதுக்கு? அக்கா வீட்டுக்குப் போறேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் வயிறு முந்திக்கொண்டது. அவர் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தபோது வீடு காலியாக இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க வந்தவர், நர்ஸிடம் அத்தனையையும் கொட்டினார், தலையணை ஒன்றைத் தவிர. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "நோயோட இருந்துடலாம்மா. அவ இல்லாம இருக்க முடியாது," என்றபோது குரல் உடைந்தது.

நர்ஸ் மருந்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"அழாதீங்கய்யா, நேத்து அடுத்த ரூம் லேடி டாக்டர்கிட்ட வந்த ஒரு அம்மாவும் இப்படித்தான் அழுதாங்க, அவங்களுக்கும் இதே புண்ணு, இதே மருந்து, இதே இடது பக்கம், வீட்டுக்காரரு பயந்துடுவாருன்னு சொல்லவே இல்லையாம், அந்த மனுஷன் என்னடான்னா கோவிச்சுக்கிட்டுக் கால்மாட்டுல தலையை வச்சுப் படுத்துட்டாராம்!"