கட்டம் போடுகிறவர்

"...மத்ததப் பூராப் பாருங்கண்ணே, வேணாங்கல. அந்தக் கடைசிக் கட்டத்த மட்டும் கேக்காதீக. அத நானே இன்னும் பாக்கல" என்றார் கட்டம்.

இடம், ஆஸ்பத்திரி வார்டு. கேட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தவர் ட்ரம்பெட். இரண்டும் ஊர் வைத்த பட்டப்பேர். இருவருக்கும் நடுவே ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

பாம்புக்குப் பயப்படாதவனைப் பார்த்திருக்கிறேன், போலீசுக்குப் பயப்படாதவனைப் பார்த்திருக்கிறேன், பெண்டாட்டிக்கே பயப்படாத ஒருவனைக்கூட ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் கட்டத்தின் கையிலிருந்த மார்க்கர் பேனாவுக்குப் பயப்படாத ஒருத்தரை ஒத்தக்கடையில் இன்றுவரை நான் பார்க்கவில்லை.

என் ஜெராக்ஸ் கடைக்கும் பக்கத்து ஃப்ளெக்ஸ் கடைக்கும் ஒரே சுவர். அங்கே டிசைன் போடுகிறவர் அவர். நல்ல கைக்காரர், முகத்தில் பத்து வயது குறைத்துக் கேட்டால் பன்னிரண்டு குறைத்துத் தருவார். எல்லாம் அந்தக் காதணி விழா வரைக்கும்தான். அவசர ஆர்டர். முந்தின நாள் போட்ட வேறொரு ஃப்ளெக்ஸின் தலைப்பை மாற்ற மறந்துவிட்டார். மண்டப வாசலில் பன்னிரண்டடிக்கு எட்டடி நின்ற தாய்மாமன் படத்துக்கு மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது. சீர்த்தட்டோடு வேனிலிருந்து இறங்கிய மாமன் அண்ணாந்து பார்த்தார். தட்டு ஒரு பக்கம், மாமன் ஒரு பக்கம் விழுந்தார்கள். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்பய்யா?"

அன்றோடு கட்டம் எழுத்தை விட்டார். "எழுத்துத்தாண்ணே ஆளக் கொல்லுது. படம் என்ன பண்ணுச்சு? மாமன் படத்துல சிரிச்சுக்கிட்டுத்தான இருந்தாரு?" என்றார். கடையில் எழுத்தையெல்லாம் முதலாளியே அடிக்க வேண்டியதாயிற்று. வேலை இல்லாத நேரங்களில் கட்டம், வீணாய்ப்போன ஃப்ளெக்ஸின் வெள்ளை முதுகில் கட்டம் கட்டமாய்க் கோடு போட்டுப் படக்கதை வரைய ஆரம்பித்தார். வசனம் கிடையாது, பேர் கிடையாது, ஒரு புள்ளி கமா கிடையாது. முதல் தாளே அந்த மாமன் ஃப்ளெக்ஸ்தான். இந்தப் பக்கம் எழுத்தில்லாத கதை, அந்தப் பக்கம் மாமன் சிரித்துக்கொண்டிருப்பார்.

கதை யாருடையது? எங்கள் கடைகளுக்கு மேலே மாடி அறையில் குடியிருந்த ட்ரம்பெட்டுடையது.

ட்ரம்பெட் ஆனையூர் பேண்டு செட்டுக்காரர் மகன். இளவயதில் எங்கேயோ கடற்கரை ஓட்டலில் வாசிக்கப் போய், அங்கே ஜாஸைப் பிடித்துக்கொண்டார். கூடவே பிராந்திப் பாட்டில் அவரைப் பிடித்துக்கொண்டது. இரண்டோடும் ஊர் திரும்பினார்.

"ஜாஸுன்னா என்னண்ணே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாட்டுக்குள்ள இருந்துக்கிட்டே பாட்ட விட்டு வெளிய போறது மாப்ள. அங்கிட்டு இங்கிட்டுத் திரியலாம். தாளம் கூப்புடுறப்ப வீட்டுக்கு வந்துரணும்."

"வரலேன்னா?"

"வரலேன்னா அதுக்குப் பேரு தண்ணியடிக்கிறது."

ஆனையூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு, மாப்பிள்ளை குதிரைமேல். எல்லாருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டைத்தான் ட்ரம்பெட் எடுத்தார். முதல் இரண்டு வரி ஊர்வலத்தோடு வந்தது. மூன்றாவது வரியில் பாட்டு சந்துக்குள் திரும்பிவிட்டது. கால் மணி நேரம் ஆகியும் ஆளைக் காணோம். தாளம் தப்பிய குதிரை நடுரோட்டில் நின்றுவிட்டது. மாப்பிள்ளை மேலேயே மாட்டிக்கொண்டார். பெண்ணின் சித்தப்பா ஓடி வந்தார்.

"யோவ், பாட்டு எங்கய்யா போச்சு?"

"பக்கத்துலதாண்ணே போயிருக்கு. வந்துரும்."

"எப்ப வரும்? முகூர்த்தத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இதைக் கட்டம் வரைந்திருந்த அழகைச் சொல்ல வேண்டும். சத்தத்தை எழுத்தில்லாமல் எப்படிக் காட்டுவது? ட்ரம்பெட்டின் வாயிலிருந்து கறுப்பு நூல் மாதிரி ஒரு கோடு புறப்படும். கட்டத்தின் ஓரத்தை உடைத்துக்கொண்டு வெளியே போகும். இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கிற வெள்ளைச் சந்தில் சுற்றும். குதிரையின் காதைத் தொடும். அப்புறம் அடுத்த கட்டத்துக்குள் நல்ல பிள்ளையாய் நுழைந்து உட்காரும். ஜாஸ் என்றால் என்னவென்று ட்ரம்பெட் சொன்னபோது புரியாதது, அந்த நூலைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. அவர் கையில் பிராந்திப் பாட்டில் இருக்கிற கட்டங்களில் மட்டும் அந்த நூல் வெளியே போகும், திரும்பாது.

பயம் எப்போது ஆரம்பித்தது என்றால், கால்கட்டு விஷயத்தில். ஒரு திங்கட்கிழமை காலை ட்ரம்பெட்டுக்குக் காலில் கட்டுப் போட்ட மாதிரி ஒரு படம் சுவரில் தொங்கியது. ட்ரம்பெட் அதன் முன்னால் நின்று, "என் காலு நல்லாத்தானடா இருக்கு?" என்று ஒரு சின்ன ஆட்டமே ஆடிக் காட்டிவிட்டுப் போனார். வியாழக்கிழமை பேண்டு வேன் படியிலிருந்து விழுந்தார். அதே கால். அடுத்த மாதம் படத்தில் ஒரு பல் போனது, பத்தே நாளில் வாயிலும் போனது.

குடிக்கிறவன் விழுவான் என்று சொல்ல ஜோசியமா வேண்டும் என்று நான் வாயால் சொல்லிக்கொண்டேன். மனது கேட்கவில்லை. தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் அந்தச் சுவரைப் பார்ப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்களுக்கு வெள்ளையாய் இருந்ததெல்லாம் பேய். எதிர்க்கடை டீ மாஸ்டர், கட்டம் அந்தப் பக்கம் திரும்பினாலே துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். "யப்பா, என் கடைய வரையிறதுன்னா பால் பொங்குற மாதிரி வரை. அடுப்ப மட்டும் வரஞ்சிராத, ஒனக்குப் புண்ணியமாப் போகும்!"

கட்டத்திடமே கேட்டுவிட்டேன்.

"நான் நடந்ததத்தாண்ணே வரையிறேன்" என்றார் பாவமாக. "நடக்குறதுதான் கொஞ்சம் லேட்டா வருது."

இந்தப் பேர் பஸ் ஏறிப் பேரையூர் வரைக்கும் போய்விட்டது. ஒரு மத்தியானம் கட்டைப்பையும் கையுமாக ஒரு பெண் என் கடை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, இங்க கட்டம் பாக்குறவரு யாரு? பஸ்ஸுல ஒரு அக்கா சொன்னாக. அவரு போட்டா அப்படியே நடக்குமாம்ல?" பையிலிருந்து ஒரு ஜாதக நோட்டை எடுத்தார். "வீட்டுக்காரருக்குப் பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம், ஆயுசு மட்டும் சொன்னாப் போதும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போனேன். சுவரில் வரிசையாய்க் கட்டங்கள். அவர் முதலில் இருந்து பார்த்துக்கொண்டே வந்தார். குதிரையிடம் சிரித்தார். பல்லிடம் வந்ததும் சிரிப்பு நின்றது. கட்டைப்பையோடு முதுகைக் காட்டிப் பஸ் ஏறுகிற ஒரு பெண்ணிடம் வந்து நின்றுவிட்டார். படத்தில் இருந்த பையும் என் முன்னால் இருந்த பையும் ஒன்று என்று எனக்கு உறைக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. ட்ரம்பெட்டின் சம்சாரம்! அவர் இந்த மாடிக்கு வருமுன்பே, குடி தாங்காமல் தாய்வீட்டுக்குப் போனவர்.

அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். "நான் திரும்பிப் பாத்தேனே. அத ஏன் போடல?"

"அண்ணன் பாக்கல தாயி. அதான் எனக்குத் தெரியல."

கட்டம் தின்னரில் துணியை நனைத்து அந்த முதுகை அழித்தார். முகத்தைத் திருப்பி வரைந்தார். அந்த அம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேல என்ன வரும்?"

கட்டம் மார்க்கரை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"சொல்ல மாட்டீகளா, தெரியாதா?"

என் நம்பரை வாங்கிக்கொண்டு, தன் நம்பரைக் கொடுத்துவிட்டு, "எதாச்சும்னா கூப்புடுங்கண்ணே. வாரேன்" என்று போனார். ஜாதகத்தை எங்களிடம் காட்டவே இல்லை.

கூப்பிட வேண்டியதாயிற்று. ஒரு நாள் முற்பகல் பதினோரு மணிக்கு, மாடிப்படியில் ட்ரம்பெட் ரத்தமாய் வாந்தி எடுத்தார். ஆட்டோவில் என் மடியில் கிடந்தவர் கனமே இல்லை, காலி உறை மாதிரி இருந்தார். டாக்டர் என்னைத் தள்ளி நிறுத்தி, "கடைசிக் கட்டம்னு சொல்ல மாட்டேன். இன்னொரு தடவ குடிச்சாருன்னா அதான் கடைசிக் கட்டம்" என்றார்.

இது கட்டில்வரை கேட்டுவிட்டது.

"டாக்டரே பாத்துட்டாரா?" என்று எழுந்து உட்கார்ந்தார் ட்ரம்பெட். "கடைசிக் கட்டத்த எனக்குக் காட்டாம ஊருக்கெல்லாம் காட்டிருக்கானா அந்தப் பய?"

சிரித்துவிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் சிரிப்பு நின்றது.

"மாப்ள, பயமாருக்குடா. குதிரை நின்னப்பக்கூட நான் பயப்படல, பாட்டு வந்துரும்னு தெரியும். இப்பத் தெரியல. அவன வரச்சொல்லு. படத்த எல்லாம் எடுத்துட்டு வரச்சொல்லு."

கட்டம் வந்தார். ஒரு கக்கத்தில் வரைந்த தாள்கள், இன்னொரு கக்கத்தில் பிரிக்காத ஒரு ஃப்ளெக்ஸ் ரோல். அதற்குள் பேரையூரிலிருந்து அந்த அம்மாளும் வந்து, கட்டைப்பையைக் கட்டில் காலடியில் வைத்துவிட்டு நின்றிருந்தார். அப்போதுதான் கட்டம், நான் முதலில் சொன்னேனே, அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றிச் சொன்னார்.

ட்ரம்பெட் கேட்பாரா? பிடுங்கிப் பிரித்தார். கடைசித் தாளில் இரண்டே கட்டங்கள். ஒன்றில், போன வாரமே வரைந்தது, ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில். மெத்தைமேல் ட்ரம்பெட் வாத்தியம். ஆள் இல்லை. அடுத்தது வெறும் வெள்ளை.

"கட்டில் இருக்கு, வாத்தியம் இருக்கு. நான் எங்கடா?"

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மூணு நாளா ஒக்காந்து பாத்தேண்ணே. கை ஓடல" என்றார் கட்டம். "நான் போட்டா நடந்துரும்னு ஊரே சொல்லுது. எனக்கு மட்டும் பயம் இருக்காதா?"

கட்டம் குனிந்து, புது ரோலை வார்டுத் தரையில் உருட்டிவிட்டார். அச்சே ஏறாத ஃப்ளெக்ஸ், இரண்டு பக்கமும் வெள்ளை. நாலு கட்டில் தாண்டி ஓடியது. படுத்திருந்தவர்கள் செருப்புகளை இழுத்துக்கொண்டார்கள். மண்டி போட்டு, ஸ்கேலை வைத்து, கோடு இழுத்தார். ஒரு கட்டம். பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. எல்லாமே காலி.

நர்சம்மா ஓடி வந்தார். "யாருங்க இது, வார்டுக்குள்ள பேனர் கட்டுறது?"

"கட்டலம்மா, கட்டம் போடுறாரு" என்றேன்.

ட்ரம்பெட் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஓரத்தில் கோடு முடியாமல், அந்தக் கறுப்பு நூல் வெளியே போய்த் திரும்ப நுழைகிற அளவு வாசல் இருந்தது.

"டேய் கட்டம், இம்புட்டையும் நான் என்னத்தடா செஞ்சு ரொப்புறது?"

கட்டம் அடுத்த கோட்டுக்கு ஸ்கேலை நகர்த்தினார். அந்த அம்மாள் வழியில் இருந்த கட்டைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சுருண்டுகொண்டு வந்த ஃப்ளெக்ஸின் நுனியை நான் முட்டி போட்டு அமுக்கிக்கொண்டேன். மார்க்கர் மூடியைப் பல்லில் கடித்தபடி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வார்டு வாசற்படியையும் தாண்டிக் கோடு இழுத்துக்கொண்டே போனார் அவர்.