தனியாகக் கிடந்த போன்

மகளைக் காணவில்லை என்பதே லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கொஞ்சம் பிறகுதான் உறைத்தது. முதலில் அவரை உலுக்கியது, சாப்பாட்டு மேசையில் தனியாகக் கிடந்த அவளுடைய போன்.

பதினாறு வயது. குளிக்கப் போனாலும் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு குளிப்பவள். அப்படிப்பட்டவளின் போன், சார்ஜ் முழுதாக ஏறி, விரல் ரேகைகூடப் படாமல் பளபளவென்று கிடந்தது. செருப்பைக் காணோம். ஆளைக் காணோம்.

மனைவி நர்ஸ். ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தாள், கூப்பிட்டாலும் எடுக்க முடியாது. அதனால் மைத்துனனைக் கூப்பிட்டார். போன் கவர் விற்கும் கடை வைத்திருந்ததால் குடும்பத்தில் அவனுக்கு 'விஞ்ஞானி' என்று பெயர்.

விஞ்ஞானி மேசையைப் பார்த்ததும் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"தொட்டீங்களா மாமா?"

"இல்லடா."

"எத்தனையோ போன் பாத்திருக்கேன். சொந்தக்காரியே வேணாம்னு வெச்சிட்டுப் போன போனை இப்பதான் பாக்கறேன்."

படியேறிக்கொண்டிருந்த மாடிவீட்டுக் கணக்கு டீச்சரும் எட்டிப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார்.

"யார் கூடயாவது..." என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

"சேச்சே!" என்றார் டீச்சர். "ஓடிப் போற பொண்ணு சார்ஜரையும் சேத்து எடுத்துட்டுல்ல ஓடும்? இது வேற சார். இது துறவு."

"துறவா?"

"நானும் ஒரு நாள் போனை அணைச்சு வெச்சுப் பாத்தேன். மத்தியானத்துக்குள்ள கை நடுங்கிடுச்சு. உங்க பொண்ணு சாதாரணப் பிறவி இல்ல."

மெக்கானிக் மலைத்துப் போனார். பயத்துக்கு நடுவே ஒரு பிரமிப்பு. இந்த வீட்டிலா அப்படி ஒரு மனம் வளர்ந்தது? தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவளின் முகத்தை நினைத்துப் பார்த்தார். தலை வகிடுதான் ஞாபகத்துக்கு வந்தது.

துப்பு ஏதாவது கிடைக்குமென்று போனைத் திறக்கப் பார்த்தார். அவள் பிறந்த தேதியைப் போட்டார். திறக்கவில்லை. தேதியிலேயே சந்தேகம் வந்து இன்னொன்றைப் போட்டார். பிறகு இன்னொன்று. போன் கோபித்துக்கொண்டு பூட்டிக்கொண்டது.

உடனே தன் போனை எடுத்துக் குடியிருப்புக் குழுவில் தட்டிவிட்டார்: 'மகள் இல்லை. போன் மட்டும் இருக்கிறது. உதவவும்.'

சிலர் என்ன விலை என்று கேட்டார்கள். மற்றவர்கள் நேரிலேயே வந்துவிட்டார்கள். கூடத்தில் நிற்க இடமில்லை. ஆனாலும் மேசையைச் சுற்றி மட்டும் இடம் விட்டே நின்றார்கள்.

"இப்படிக்கூட ஒரு பிள்ளை இருக்குமா?" என்று யாரோ மூச்சை இழுத்தார்.

"தள்ளுங்க, நான் திறக்கறேன்," என்று விஞ்ஞானி போனின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தான். போன் சைரன் மாதிரி அலறியது. அவசர உதவிக்கு அழைப்பு போயே போய்விட்டது.

அந்த அலறலின் அதிர்ச்சி அடங்குவதற்குள் ஒரு பெண் கான்ஸ்டபிள் வாசலில் நின்றார்.

"யாருக்கு ஆபத்து?"

"என் பொண்ணைக் காணோம் மேடம். போனைக்கூடத் தொடாம போயிட்டா." மெக்கானிக்கின் குரல் உடைந்தது. "அவ எவ்வளவு பெரிய மனுஷின்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

கான்ஸ்டபிள் மேசை மேல் கிடந்த போனைப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கின் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"இது உங்களோடதா சார்?"

"ஆமா."

"அதை இங்கயே வெச்சிட்டுக் கெளம்புங்க. பூங்கா வாசல்ல ஒரு பொண்ணு காலையிலேர்ந்து உக்காந்திருக்கு. ரெண்டு பேரும் போனை வீட்டுலயே வெச்சிட்டு வந்து ஒரு நாள் பேசிட்டிருக்கலாம்னு கேட்டதுக்கு, நேத்து நீங்க நிமிந்துகூடப் பாக்காம சரின்னீங்களாம். இதே விலாசம் சொல்லி எங்ககிட்ட புகார் குடுத்திருக்கு... அப்பாவைக் காணோம்னு."